எட்டு விநாடி ஹட்டன்: லோங் எக்ஸ்போஷர் படத்தில் யார் எஞ்சுகிறார்கள்?

மாலை ஆறரை மணிக்கு ஹட்டன் பிரதான வீதியில் கால் வைக்க இடமிருக்காது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பஸ்களைப் பிடிக்க ஓடுபவர்கள், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், இரண்டு கையிலும் சாமான் பைகளோடு தோட்டத்துக்குத் திரும்பும் பெண்கள், இவர்களுக்கு நடுவில் நுழைந்து போகும் ஆட்டோக்கள். இந்த வீதியோரத்தில் ட்ரைபொட்டில் கமராவை வைத்து, ஷட்டரை எட்டு விநாடி திறந்துவைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். திரையில் வருவது வேறொரு ஊர்போல இருக்கும். கடைகளின் பெயர்ப்பலகைகளும் மின்கம்பிகளும் நனைந்த தார் வீதியும் கூர்மையாகத் தெரியும். பஸ்கள் சிவப்பும் வெள்ளையுமான கோடுகளாகியிருக்கும். ஆட்களைக் காணக் கிடைக்காது.

உற்றுப் பார்த்தால் சிலர் இருப்பார்கள். கடை வாசலில் குடையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மா இருப்பார். பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருப்பவர் இருப்பார். வடை பொரிப்பவரின் தலையும் தோளும் மங்கலாகத் தெரியும்; அவரது கைகள் தெரியாது.

லோங் எக்ஸ்போஷர் எனப்படும் இந்த முறையை அழகுக்காகவே பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பாடங்களும் பெரிய நகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மலையகத்தின் ஒரு சிறிய நகரத்தில் பனியிலும் மழையிலும் இதை எப்படிச் செய்வது என்பதை இந்தக் கட்டுரை சொல்கிறது. கூடவே ஒரு கேள்வியையும் கேட்கிறது. எட்டு விநாடியில் மறைந்துபோனவர்கள் யார், எஞ்சியவர்கள் யார்?

படத்தில் இடம்பிடிக்க நேரம் வேண்டும்

கமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் சென்சரில் ஒளி சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு சுவர் எட்டு விநாடியும் ஒரே இடத்தில் நிற்பதால் அதன் ஒளி எட்டு விநாடியும் ஒரே இடத்தில் விழுகிறது. நடந்துபோகிறவர் அப்படியில்லை. சாதாரண நடை வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1.4 மீற்றர். எட்டு விநாடியில் அவர் 11 மீற்றர் போய்விடுவார். ஒரு குறிப்பிட்ட இடத்தில் அவரது உடல் இருந்த நேரம் அரை விநாடிகூட இருக்காது. மீதி ஏழரை விநாடி அந்த இடத்தில் பின்னாலிருந்த சுவரே பதிவாகிறது. அதனால்தான் அவர் கரைந்துபோகிறார்.

இதிலிருந்து சில விதிகள் கிடைக்கின்றன. மொத்த நேரத்தில் பாதி நேரம் நின்றவர் பாதி ஊடுருவித் தெரியும் ஆவிபோல் பதிவாவார். கறுப்புச் சட்டையோடு நடப்பவர் விரைவில் மறைவார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு மங்கலான தடத்தையாவது விட்டுச் செல்வார். விளக்கைச் சுமந்துசெல்வது எதுவானாலும், எவ்வளவு வேகமாகப் போனாலும், கோடாக நிலைத்துவிடும். ஆகவே பஸ் மறையும், பஸ்ஸின் விளக்கு மறையாது. மனிதர்களிடம் விளக்கு இருப்பதில்லை.

பாரிஸிலிருந்து டிக்கோயா வரை

இந்த விடயம் புகைப்படக் கலையின் பிறப்போடு சேர்ந்தே தொடங்குகிறது. 1838இல் பிரான்ஸைச் சேர்ந்த லூயி டாகேர், பாரிஸ் நகரின் ‘புலவார் து தோம்ப்ள்’ என்ற பரபரப்பான வீதியை உயரமான ஜன்னலொன்றிலிருந்து படம் எடுத்தார். தகட்டில் படம் பதிய நிமிடக்கணக்கில் ஆனது. வண்டிகளும் குதிரைகளும் ஆட்களும் நிறைந்திருந்த வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். சப்பாத்துக்கு பொலிஷ் போடுவதற்காக ஒரு காலைத் தூக்கிவைத்து நின்றிருக்கிறார். நின்றதால் பதிவானார். புகைப்படத்தில் தெளிவாகத் தெரியும் மிகப் பழைய மனித உருவங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது. அவரது காலடியில் குனிந்து பொலிஷ் போட்டவரும் இருக்கிறார். ஆனால் கைகள் அசைந்துகொண்டிருந்ததால் அவரது உருவம் கலங்கியிருக்கிறது. வேலை செய்வித்தவர் தெளிவாகவும் வேலை செய்தவர் மங்கலாகவும் பதிவான அந்தப் படத்தில் யாருடைய சதியும் இல்லை. தொழில்நுட்பம் அப்படித்தான் வேலை செய்தது.

அதே தொழில்நுட்பம் பிறகு நம் மலைகளுக்கும் வந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் கணவரோடு இலங்கையில் குடியேறினார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரோன், கோல்புறூக்–கமரோன் ஆணைக்குழுவில் இருந்தவர். இங்கே கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தவர். ஜூலியா 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள சென் மேரீஸ் தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. ஹட்டனில் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம்.

அவர் இலங்கையில் எடுத்த படங்களில் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள், வீட்டுப் பணியாளர்கள், கிராமத்தவர்கள். அநேகமான படங்களில் அவர்களுடைய பெயர் இல்லை. அவர் பயன்படுத்தியது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காயும் முன் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். கமராவின் முன் இருப்பவர் நீண்ட நேரம் அசையாமல் இருந்தாக வேண்டும். அந்த முகங்களில் நாம் காணும் இறுக்கத்தில், அசையாதே என்ற கட்டளைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அதே காலத்தில் கொழும்பிலும் கண்டியிலும் இயங்கிய ஸ்கீன், ஸ்கோவன் போன்ற ஸ்டூடியோக்கள் தோட்டக் காட்சிகளை எடுத்து விற்றன. பழைய தோட்டப் படங்களில் தொழிலாளர்கள் கூடையோடு வரிசையாக நிறுத்தப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். துரைமாரின் பார்வை ஒரு காரணம். பெரிய தகட்டுக் கமராவால் அசைவைப் பிடிக்க முடியாதது இன்னொரு காரணம். வேலை செய்யும் கையைப் பிடிக்க முடியாதபோது, வேலையை நிறுத்திவிட்டு நிற்கும் உடலைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். 1820களிலிருந்து தமிழகத்திலிருந்து வந்த மக்கள் மன்னாரில் இறங்கி மாத்தளைக்கும் அதற்கு அப்பாலும் காட்டு வழியே நடந்தார்கள். புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அதன் பிறகும் பல ஆண்டுகளுக்கு, பெரிய கமராவொன்றை அந்தப் பாதையோரம் வைத்திருந்தால், பாதையும் மரங்களும் பதிவாகியிருக்கும். நடந்தவர்கள் பதிவாகியிருக்க மாட்டார்கள். 1880களில் உலர்தகடுகள் பரவலான பிறகே அசைவை நிறுத்திப் பிடிப்பது எளிதானது.

அன்று கமராவுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று நம் கையிலிருக்கும் கமரா ஆயிரத்தில் ஒரு விநாடியிலும் படம் எடுக்கும், முப்பது விநாடியிலும் எடுக்கும். எதைத் தேர்கிறோம் என்பது இப்போது நம் பொறுப்பு.

எத்தனை விநாடி?

நகர மையத்தில் படம் எடுக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். மக்கள் நடமாடும் வீதிக்கு ஏறத்தாழப் பொருந்தும் அளவுகள் இவை:

• 1/15 விநாடி: நடப்பவர் 9 சென்றிமீற்றர் அளவு நகர்வார். உடல் அடையாளம் தெரியும். கால்களும் கைகளும் கலங்கும். ‘அவசரம்’ என்ற உணர்வு வரும்.

• 1/4 விநாடி: 35 சென்றிமீற்றர். முகம் அடையாளம் தெரியாது. ஆண், பெண், பிள்ளை, சுமை என்பவை தெரியும். கூட்டத்தின் ஓட்டத்தைக் காட்ட நல்ல அளவு.

• 1 விநாடி: 1.4 மீற்றர். நடப்பவர் புகைபோல் நீள்வார். நிற்பவர்கள் தெளிவாக இருப்பார்கள். இருவருக்குமான வேறுபாடு மிக வலுவாகத் தெரிவது இந்த அளவில்தான்.

• 4 முதல் 8 விநாடி: நடப்பவர் ஏறக்குறைய மறைவார். மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் பஸ் எட்டு விநாடியில் 65 மீற்றருக்கு மேல் போய்விடும். விளக்குக் கோடு படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நீளும்.

• 30 விநாடியும் அதற்கு மேலும்: வீதி காலியாகிவிடும். கட்டடங்களும் விளக்குகளும் பனியும் மட்டும் எஞ்சும்.

பழகுபவர்களுக்கு நான் சொல்வது, நேரடியாக முப்பது விநாடிக்குப் போகாமல் ஒரே இடத்தில் நின்று இந்த ஐந்து அளவுகளிலும் ஐந்து படங்கள் எடுங்கள் என்பதுதான். அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எந்த இடத்தில் மனிதர்கள் காணாமல் போகத் தொடங்குகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும்.

தேவையான பொருட்களும் கணக்கும்

கமராவை அசையாமல் வைக்க ட்ரைபொட் வேண்டும். இல்லாவிட்டால் மதில், படிக்கட்டு, அரிசி நிரப்பிய ஒரு துணிப்பை போதும். கமராவைப் பையின் மேல் பதித்து வைக்கலாம். விரலால் அழுத்தும்போது வரும் அதிர்வைத் தவிர்க்க 2 விநாடி டைமரைப் பயன்படுத்துங்கள். ட்ரைபொட்டில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிடுவது நல்லது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது எஃப் 11 என்று தொடங்குங்கள். எஃப் 22 வரை லென்ஸ் துவாரத்தைச் சுருக்கினால் நேரம் கூடும்; ஆனால் படத்தின் கூர்மை குறையும். 30 விநாடிக்கு மேல் வேண்டுமானால் ‘பல்ப்’ முறைக்குப் போக வேண்டும்.

இரவிலும் அந்தி நேரத்திலும் இது போதும். பகலில் ஒளி அதிகம் என்பதால் என்டி பில்டர் தேவை. லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவதைப்போன்றது அது. கணக்கு எளிது. ஒரு ‘ஸ்டொப்’ என்றால் நேரம் இரண்டு மடங்கு. 6 ஸ்டொப் என்றால் 64 மடங்கு, 10 ஸ்டொப் என்றால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. பனி மூடிய ஒரு பகலில் எஃப் 16இல் 1/8 விநாடி சரியான அளவாக இருந்தால், 6 ஸ்டொப் பில்டரோடு அது 8 விநாடியாகும். 10 ஸ்டொப் பில்டரைப் போட்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும். பில்டரைப் போட்ட பிறகு கமராவால் போகஸ் செய்ய முடியாமல் போகலாம். முதலில் போகஸ் செய்து, அதை மெனுவலுக்கு மாற்றி, பிறகு பில்டரைப் போடுங்கள்.

கைபேசியிலும் செய்யலாம். பல அன்ட்ரொயிட் கைபேசிகளின் ‘புரோ’ முறையில் ஷட்டர் நேரத்தை நாமே கூட்டலாம். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, பிறகு லோங் எக்ஸ்போஷர் விளைவைத் தேர்ந்தெடுக்கலாம். கைபேசி பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது என்பதால் விளக்குக் கோடுகள் சில நேரம் துண்டுதுண்டாக வரும். பழகுவதற்கு அது தடையில்லை.

மலைநாட்டின் வெளிச்சமும் பனியும்

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி சட்டென்று முடிந்துவிடுகிறது. ஐரோப்பியப் பாடங்கள் சொல்லும் நீண்ட நீல வெளிச்சம் இங்கே கிடைக்காது. வானத்தில் நீலமும் கடைகளில் மஞ்சளும் ஒன்றாக இருக்கும் நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம்தான். ஆகவே இடத்தைப் பகலிலேயே பார்த்துவைத்து, சூரியன் மறையும் முன் கமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பனி பலருக்குத் தொல்லை. இந்த வகைப் படத்துக்கு அது உதவி. பஸ்ஸின் முன்விளக்கு பனியில் சிதறி வீதி முழுவதையும் ஒளியால் நிரப்பும். ஓடும் பனி நீண்ட நேரப் படத்தில் வெண்மையான பூச்சாகி, பின்னாலிருக்கும் அலங்கோலத்தை மறைத்துவிடும். மழை ஓய்ந்த பிறகு வீதியில் விழும் பிரதிபலிப்பால் ஒவ்வொரு விளக்குக் கோடும் இரண்டாகும். மழைத் துளிகள் பெரும்பாலும் படத்தில் தெரியாது, குடைகள் தெரியும். மழைக்கு ஒதுங்கியவர்கள் அசையாமல் நிற்பதால் அவர்களும் தெரிவார்கள்.

தனியார் பஸ்களின் வண்ண எல்ஈடி விளக்குகளைக் கவனியுங்கள். பல எல்ஈடிகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. அதனால் ஓடும் பஸ்ஸின் விளக்கு தொடர்ச்சியான கோடாக வராமல் புள்ளிகளாக வரலாம். அது கமராவின் பிழையில்லை.

லென்ஸில் நீராவி படிவது இங்கே வழக்கமான சிக்கல். சூடான தேநீர்க்கடைக்குள் ஒரு பிளேன்டியைக் குடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்து எடுத்த பத்துப் படங்களும் வெள்ளையாகிப்போன அனுபவம் எனக்கு உண்டு. குளிரிலிருந்த கமராவைக் கடைக்குள் கொண்டுபோனதும் ஈரம் படிந்துவிட்டது. வெளியே வந்ததும் அதைக் கவனிக்கவில்லை. கமராவைப் பைக்குள் மூடியே வைத்திருங்கள். படத்துக்குப் படம் லென்ஸை ஒருமுறை பாருங்கள். குளிரில் பற்றரி விரைவில் இறங்கும் என்பதால் மேலதிகப் பற்றரியைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நல்லது.

எங்கே நிற்கலாம்?

ஹட்டனுக்கு 1884இல் ரயில் வந்தது. ஊர் வளர்ந்ததும் அதைச் சுற்றித்தான். இன்றும் நகரத்தின் அசைவுக்கு இரண்டு மையங்கள் உண்டு: ரயில் நிலையமும் பஸ் நிலையமும். மேடையில் காத்திருப்பவர்கள் நிற்க, ரயில் உள்ளே வரும் நேரத்தில் அரை விநாடி ஷட்டர் வைத்தால் ரயில் கோடாகவும் ஆட்கள் தெளிவாகவும் வருவார்கள். ட்ரைபொட்டை விரிக்கும் முன் நிலைய அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டகலைப் பக்கமுள்ள சிங்கமலைச் சுரங்கம் ஆசை காட்டும். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். எந்தப் படமும் அவ்வளவு பெறுமதியானதில்லை.

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீடிக்கிறது. ரயிலில் வரும் யாத்திரிகர்கள் ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ் ஏறுவார்கள். நள்ளிரவிலும் நகரம் விழித்திருக்கும் மாதங்கள் அவை. நீண்ட நேரப் படத்துக்கு இதைவிட நல்ல நகரக் காட்சி இந்தப் பகுதியில் கிடையாது. நல்லதண்ணிப் பக்கம் போனால், 2,243 மீற்றர் உயரமான மலையில் படிக்கட்டின் விளக்குகள் ஒரு கோடாக வானத்துக்கு ஏறுவதை முப்பது விநாடியில் பிடிக்கலாம். அந்தக் கோட்டின் ஒவ்வொரு அங்குலத்திலும் ஏறிக்கொண்டிருக்கும் மனிதர்கள் உண்டு. படத்தில் அவர்கள் தெரிய மாட்டார்கள்.

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நெரிசலில் வாகனம் நின்றுவிட்டால் விளக்குக் கோடு வராது, புள்ளிதான் வரும். வாகனம் நகரும் வளைவைத் தேடுங்கள். 1894இல் கட்டப்பட்ட சிவப்புச் செங்கல் தபால் நிலையம், அசையாத பின்னணியாக நன்றாகப் பொருந்தும். ஆளுநர் கிரெகரி காலத்தில் 1873இல் உருவான கிரெகரி வாவியின் நீர் முப்பது விநாடியில் கண்ணாடிபோல் ஆகிவிடும்.

தோட்டத்துக்கு இதை எடுத்துச் சென்றால்

தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் கொழுந்து பறிக்கும் பெண் எப்போதும் ஒரே மாதிரி நிற்கிறார். ஒரு கையில் இரண்டு இலையும் மொட்டும், முகத்தில் சிரிப்பு, உடம்பில் அசைவே இல்லை. உண்மையில் கொழுந்து பறிக்கும் கை நிற்பதே இல்லை. நாளொன்றுக்குக் கேட்கப்படும் கிலோக் கணக்கை நிறைவு செய்யாவிட்டால் முழுப் பெயர் விழாது. நின்று சிரிக்க நேரமில்லை.

இங்கே 1/8 விநாடியை முயன்று பாருங்கள். முகமும் தோளும் ஓரளவு தெளிவாக இருக்க, இரண்டு கைகளும் செடியின் மேல் புகைபோல் படரும். ஒரு நொடியில் அந்தக் கைகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை எந்தக் கூர்மையான படமும் இப்படிச் சொல்லாது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒரு விநாடி ஷட்டர் வைத்தால் காட்சி தலைகீழாகும். நிறுவையும் குறிப்பேட்டோடு நிற்பவரும் தெளிவாகப் பதிவாவார்கள். பையைத் தூக்கி வைத்துவிட்டு நகரும் பெண்கள் மங்கிப்போவார்கள். பாரிஸ் வீதியின் சப்பாத்துக் காட்சி மீண்டும் வந்து நிற்கும். இரண்டு படங்களும் உண்மைதான். எதை வெளியிடுகிறீர்கள் என்பதில் உங்கள் நிலைப்பாடு இருக்கிறது.

தோட்டத்துக்குள் எடுக்க நிர்வாகத்தின் அனுமதி மட்டும் போதாது, படத்தில் இருப்பவர்களிடமும் கேட்க வேண்டும். முகம் கலங்கித்தானே இருக்கிறது என்பது கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. பறிப்பவரை நிறுத்தி வைத்தால் அவருடைய கிலோ குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். லோங் எக்ஸ்போஷரின் ஒரு நன்மை இதுதான்: அவரை நிற்கச் சொல்லத் தேவையில்லை.

வரிசையில் நின்றவர்கள்

நகர மையத்தில் லோங் எக்ஸ்போஷரை அழகுக்கு அப்பால் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ரஷ்யாவின் அலெக்ஸி டிட்டரென்கோ. சோவியத் ஒன்றியம் உடைந்து, கடைகள் வெறுமையாகி, மக்கள் உணவுக்கு அலைந்த 1990களின் தொடக்கத்தில் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ‘நிழல்களின் நகரம்’ என்ற தொடரை எடுத்தார். அதில் புகழ்பெற்ற படம் ஒரு மெட்ரோ நிலைய வாசலில் 1992இல் எடுக்கப்பட்டது. படியேறும் பெருங்கூட்டம் கறுத்த புகையாகிவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருந்த கைகள் மட்டும் கைகளாகவே எஞ்சியிருக்கின்றன. மக்களை மறைப்பதன் மூலமே அவர்களுடைய நிலையைச் சொன்ன படம் அது.

நமக்கும் அப்படியொரு காலம் வந்தது. 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுவதும் வரிசைகள் நீண்டன. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அந்தக் காலத்தின் ஓர் இரவு வீதியை நீண்ட நேரப் படமாகக் கற்பனை செய்து பாருங்கள். வழமையாக மறைந்துபோகும் மக்கள் அதில் மறைந்திருக்க மாட்டார்கள். கான்களோடும் சிலிண்டர்களோடும் மணிக்கணக்கில் நின்றவர்கள் எல்லோரும் தெளிவாகப் பதிவாகியிருப்பார்கள். வழமையாகக் கோடுகளாக ஓடும் வாகன விளக்குகள்தான் இருந்திருக்காது. டாகேரின் கமராவுக்குத் தேவைப்பட்ட அசையாமையை, பொருளாதார நெருக்கடி ஒரு முழு நாட்டின் மீதும் சுமத்தியது.

ஆகவே நீண்ட நேரப் படத்தில் எஞ்சுபவர்களை இரண்டு வகையாகப் பார்க்கலாம். நிற்க வசதி இருப்பவர்கள் ஒரு வகை. நிற்பதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் இன்னொரு வகை. கமராவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எடுப்பவருக்குத் தெரிய வேண்டும்.

படத்தின் கீழே ஒரு வரி

செய்தித்துறையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைக் கேள்வியும் இருக்கிறது. ஹர்த்தால் நாளொன்றில் நகரம் வெறிச்சோடியது என்று காட்ட ஒரு படம் போதும். ஆனால் 10 ஸ்டொப் பில்டரும் இரண்டு நிமிடமும் இருந்தால், சந்தை நாளின் ஹட்டனையும் நண்பகலில் வெறிச்சோடச் செய்துவிடலாம். எந்த மென்பொருளாலும் எதையும் அழிக்காமல், செயற்கை நுண்ணறிவு எதையும் தொடாமல், கமராவிலிருந்து நேரடியாக அந்தப் படம் வரும். ஊர்வலமாக நடந்து போகும் ஆர்ப்பாட்டத்தை எட்டு விநாடியில் எடுத்தால் கூட்டம் கரைந்து, ஓரத்தில் நிற்கும் பொலிஸார் மட்டும் தெளிவாக எஞ்சலாம். தொழில்நுட்ப ரீதியில் அது போலிப் படம் இல்லை. வாசகர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் செய்தி பொய்யாக இருக்கும்.

இதற்குத் தீர்வு சிரமமானதில்லை. செய்தியோடு வெளியாகும் நீண்ட நேரப் படத்தின் கீழே ‘8 விநாடி ஷட்டரில் எடுக்கப்பட்டது, நடமாடியவர்கள் படத்தில் தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். இடமும் நேரமும் எழுதுவதுபோல இதையும் எழுதலாம். வெறுமையாகத் தெரியும் காட்சிக்குப் பக்கத்தில், அதே இடத்தில் 1/125 விநாடியில் எடுத்த இன்னொரு படத்தையும் வைப்பது இன்னும் நல்லது. பயிலும் காலத்திலிருந்தே ஒவ்வொரு காட்சியையும் இரண்டு வேகத்திலும் எடுத்துப் பழகினால், இது தனி வேலையாகத் தெரியாது.

கமரோனின் படங்களில் இருந்தவர்களின் பெயரை இனிக் கண்டுபிடிப்பது கடினம். ஹட்டன் பஸ் நிலையத்தில் குடையோடு காத்திருந்து நம் படத்தில் தெளிவாகப் பதிவான அம்மா இன்னும் அங்கேதான் நிற்கிறார். ட்ரைபொட்டை மடக்கும் முன் அவரிடம் போய்ப் படத்தைக் காட்டலாம். வெளியிடலாமா என்று கேட்கலாம். சரியென்றால் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவருடைய பஸ் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும்.